மண்ணுக்குள் பத்து மாதம்

சிப்பாய் வண்டைப் பற்றி வரும் தோட்டக்கலைக் குறிப்புகளில் பெரும்பாலானவை அதன் வாழ்க்கையில் ஒரு மாதத்தை, மிஞ்சிப்போனால் இரண்டு மாதத்தை மட்டுமே பேசுகின்றன. அந்த நாட்களில்தான் அது பூவின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நம் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ஆகஸ்ட் பிற்பாதியிலும் செப்டம்பரிலும் சாலையோரமெங்கும் கோல்டன்ராட் செடிகள் மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, அந்தப் பூங்கொத்துகளில் இந்த வண்டுகள் மொய்த்துக் கிடக்கும். அவற்றைப் படம் பிடிக்கிறார்கள், நன்மை செய்யும் பூச்சிகளின் பட்டியலில் சேர்க்கிறார்கள், அசுவினியைத் தின்று செடியைக் காக்கும் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். எஞ்சிய பத்து மாதமும் இதே பூச்சி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் கழிக்கிறது. இயற்கையில் இந்த வண்டுக்கு உள்ள இடத்தைத் தீர்மானிப்பது அந்தப் பத்து மாதம்தான். அதை விட்டுவிட்டு வண்டைப் பாராட்டினால் வண்டுக்கும் பயனில்லை, வயலுக்கும் பயனில்லை.

கேந்தரிடே என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. உலகெங்கும் சுமார் 5,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. மின்மினிகளுக்கு நெருங்கிய சொந்தம். மின்மினியைப் போலவே நீண்டு தட்டையான உடல், ஆனால் வெளிச்சம் கிடையாது. பிரிட்டனில் கோடைகாலத்தில் எங்கும் தென்படும் ராகோனிகா ஃபுல்வா என்ற இனம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். உடல் முழுக்க ஆரஞ்சுச் சிவப்பு, இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு. பழைய பிரிட்டிஷ் சிப்பாய்களின் செந்நிறச் சட்டையை நினைவூட்டியதால் இந்தப் பெயர் வந்தது. அமெரிக்க கோல்டன்ராட் வண்டின் அறிவியல் பெயர் காலியோக்னாதஸ் பென்சில்வேனிகஸ். மங்கிய மஞ்சள் நிறம், முன் இறக்கைகளின் பின்பாதியில் ஆளுக்கொரு கறும்புள்ளி. இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. மற்ற வண்டுகளுக்கு முன் இறக்கை கெட்டியான ஓடாக இறுகிப் பின் இறக்கைக்குக் கவசமாகிவிடுகிறது. இவற்றுக்கோ அது பதனிட்ட தோல் போல மெத்தென்றே இருக்கிறது. விரலால் லேசாக அழுத்தினாலே வளைந்து கொடுக்கும். கவசமில்லாத இந்த உடம்போடு பட்டப்பகலில், திறந்த பூவின்மேல், சிவப்பும் மஞ்சளுமாக மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க எப்படித் துணிகிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை பின்னால் வரும்.

முதலில் அசுவினிக் கதையைச் சரிசெய்ய வேண்டும். சிப்பாய் வண்டுகள் அசுவினியைத் தின்னும் என்பது முழுப் பொய்யல்ல. ஐரோப்பாவின் கேந்தரிஸ் பேரினத்து வண்டுகள் அசுவினியையும் மெல்லுடல் கொண்ட வேறு சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்கின்றன. கலிஃபோர்னியாவின் தோட்டங்களில் வசந்த காலத்தில் வரும் பழுப்புநிற இனமும் அப்படியே. ஆனால் படங்களில் மிகுதியாகக் காட்டப்படும் கோல்டன்ராட் வண்டு வளர்ந்தபின் பெரும்பாலும் மகரந்தத்தையும் தேனையுமே நம்பியிருக்கிறது. தேனை எடுப்பதற்கென்றே அதன் வாய்ப்பகுதியில் மெல்லிய நீட்சிகள் உள்ளன. அது பூவுக்கு வருவது இரண்டு காரியத்துக்காக: உணவு, துணை. இணை சேர்ந்த ஜோடிகள் பூவிலேயே நெடுநேரம் தங்கிவிடுகின்றன. ஆண் முதுகில் இருக்க, பெண் பாட்டுக்கு மகரந்தம் தின்றுகொண்டிருக்கும். ஓர் இனத்தின் பழக்கத்தை எடுத்து 5,000 இனங்களுக்கும் பொருத்திவிடும் இந்த அவசரம், பூச்சிகளை நல்லது, கெட்டது என்று இரண்டே கூடையில் போடும் பழக்கத்திலிருந்து வருகிறது. நல்ல பூச்சி என்று முடிவாகிவிட்டால் அதற்கொரு சாதனை வேண்டும். அசுவினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதில் நேரும் சேதம் சிறியதல்ல. வளர்ந்த வண்டு செய்யாத வேலைக்கு அதைப் புகழும்போது, புழு உண்மையில் செய்யும் வேலை யார் கணக்கிலும் வராமல் போகிறது.

பெண் வண்டு ஈரமான மண்ணிலோ சருகுக்கடியிலோ கொத்தாக முட்டையிடுகிறது. வெளிவரும் புழு அடர்ந்த குறுமயிர் போர்த்தியது. கரும்பழுப்பு வெல்வெட் துணியில் தைத்தெடுத்தது போலத் தோன்றும். அந்த மயிர்ப்போர்வையில் நீர் ஒட்டாது. நனைந்த மண்ணிலும் உருகும் பனியிலும் புழு மூழ்கிப்போகாமல் நடமாட அது உதவுகிறது. தலை தட்டையானது. முன்னோக்கி நீண்ட இரண்டு தாடைகளும் அரிவாள் வளைவில் கூர்மையாக முடிகின்றன. அவற்றில் வாய்க்கால் போன்ற பள்ளம் ஓடுகிறது. இரையைக் கவ்வியதும் புழு அதை மெல்லுவதில்லை. செரிமானச் சாற்றை இரையின் உடலுக்குள் விட்டு, சதை கரைந்து கூழானதும் உறிஞ்சிக்கொள்கிறது. ஓடில்லாத நத்தை, சிறு நத்தை, ஈக்களின் புழு, அந்துப்பூச்சியின் புழு, பூச்சி முட்டைகள், மண்புழு என்று மெல்லுடல் கொண்ட எதுவும் அதற்கு ஆகும். வேட்டை பெரும்பாலும் இரவில், மண்ணின் மேல்தோலை ஒட்டியே நடக்கிறது. குளிர்காலத்தில் மற்ற பூச்சிகள் உறங்கிக் கிடக்கும்போதும் இது முழுதாக அடங்குவதில்லை. ஐரோப்பாவில் குளிர் சற்றுத் தணிந்த நாட்களில் பனியின் மேல் இந்தப் புழுக்கள் ஊர்ந்து திரிவதைப் பார்த்த மக்கள், பனியோடு புழுவும் வானத்திலிருந்து பொழிந்ததாக ஒருகாலத்தில் நம்பினார்கள். 'பனிப்புழு' என்ற பெயர் ஜெர்மன் மொழியில் இன்றும் உண்டு. வானம் புழு பொழிவதில்லை. மண் உறைந்தும் உருகியும் புரளும்போது, அதற்குள் விழித்திருந்த ஒன்று மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழுகிறது. புழு என்ன தின்கிறது என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. மண்ணுக்குள் இருட்டில் நடக்கும் காரியம் அது. போதாக்குறைக்கு இரையைக் கூழாக்கி உறிஞ்சுவதால் வயிற்றைத் திறந்து பார்த்தாலும் கால், இறக்கை என்று அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் பல்கலைக்கழகத்தில் மிகாயேல் டிராகாட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விளைநிலங்களிலிருந்து கேந்தரிஸ் புழுக்களைச் சேகரித்து, அவற்றின் குடலில் எஞ்சிய நொதிகளையும் பிற்பாடு டிஎன்ஏ துணுக்குகளையும் கொண்டு இரையை அடையாளம் கண்டார்கள். கிடைத்த விடை தோட்டக்காரர்களுக்கு உவப்பானதல்ல. குளிர்ந்த மாதங்களில் அந்தப் புழுக்களின் முக்கிய உணவுகளில் ஒன்றாக மண்புழு இருந்தது. உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே மண்புழு. பயிர்ப்பூச்சிகளின் பங்கோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அப்படியானால் இந்த வண்டை நன்மை செய்வது என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பூச்சியைப் பூச்சியால் கட்டுப்படுத்துவது பற்றி நமக்குள்ள எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையே இது வெளிக்கொண்டுவருகிறது. தமிழ்நாட்டில் அந்த எதிர்பார்ப்புக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது; பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை நிலைகுலைய வைத்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, பெருக்கி வயல்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சி அடங்கியது. மகத்தான வெற்றி அது. யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதன் வாய்ப்பாடு மிகத் தெளிவானது: ஒரு பூச்சிக்கு ஓர் எதிரி. எதிரிக்கு வேறு உணவு தெரியாது. பூச்சி குறைந்தால் எதிரியும் குறையும். சிப்பாய் வண்டின் புழுவை இந்த வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால் தோற்றுத்தான் போகும். அது எதற்கும் குறிப்பான எதிரியல்ல, கிடைத்ததைத் தின்பது. அதன் பலமும் அங்கேதான் இருக்கிறது. பயிரில் பூச்சி இல்லாத மாதங்களில் ஒட்டுண்ணிக்கு வயலில் வேலை இல்லை. மீண்டும் பூச்சி பெருகிய பிறகே அதுவும் பெருகி வரும். கிடைத்ததைத் தின்னும் இரைவிழுங்கி மண்புழுவையும் ஈப்புழுவையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே காத்திருக்கிறது. வசந்தத்தில் முதல் நத்தைக் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது, முதல் வெட்டுப்புழு நாற்றை நெருங்கும்போது, இது ஏற்கெனவே வளர்ந்து பசியோடு அந்த மண்ணில் இருக்கும். பூச்சி நூறாயிரமான பிறகு தின்பதற்கும் நூறாக இருக்கும்போதே தின்பதற்கும் உள்ள வேறுபாடு விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நினைப்பதற்கு அழகாக இருக்கிறது, வயலில் நடக்கிறதா என்று கேட்கலாம். சிப்பாய் வண்டை மட்டும் பிரித்தெடுத்து வயலளவில் நிறுத்துப் பார்ப்பது அரிது. அது தனியாக வேலை செய்வதும் இல்லை. தரைவண்டுகள், ரோவ் வண்டுகள், சிலந்திகள், அறுவடைச் சிலந்திகள் ஆகியவற்றோடு ஒரே மண்பரப்பில் அது ஒரு பங்காளி. இப்படிப்பட்ட பல்லுணவு இரைவிழுங்கிகளைப் பற்றிய களச் சோதனைகளைத் திரட்டி சைமண்ட்சன், சண்டர்லாந்து, கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் 2002இல் ஆனுவல் ரிவ்யூ ஆஃப் என்டமாலஜி இதழில் ஆய்ந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதச் சோதனைகளில் இவை தனியாகவோ கூட்டமாகவோ பூச்சிகளின் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்திருந்தன. மீதிக் கால்பங்கில் குறைக்கவில்லை. சில இடங்களில் ஒன்றையொன்று தின்று பூச்சிக்கு வழிவிட்டதும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. மண்புழு விஷயத்திலும் அதே நேர்மையோடு பேசலாம். வளமான வயலில் மண்புழுவின் தொகை மிகப் பெரிது. இந்தப் புழுக்கள் எடுத்துக்கொள்வது அதில் ஒரு பங்கு. மண்புழு அருகிப்போன வயலில் சிப்பாய் வண்டுக்கும் குளிர்கால உணவு அருகும். ஒன்றின் செழிப்பில்தான் மற்றது நிற்கிறது. எனவே மண்புழுவைத் தின்கிறதே என்ற புகார், மண் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகவே எனக்குப் படுகிறது.

கவசமில்லாத உடம்பின் கேள்விக்கு இப்போது வரலாம். 1968இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு மைன்வால்டு, தாமஸ் ஐஸ்னர் முதலியோர் அமெரிக்கச் சிப்பாய் வண்டு ஒன்றின் சுரப்பிகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மார்பின் முன்பகுதியில் ஒரு ஜோடி, வயிற்றின் பக்கங்களில் எட்டு ஜோடி என்று உடல் நெடுகச் சுரப்பிகள். தொட்டால் வெண்ணிறத் துளி கசிகிறது. அதிலிருந்த பொருள் டைஹைட்ரோமெட்ரிக்கேரியா அமிலம். பாயும் சிலந்தி பாய்ந்து கவ்விய வேகத்திலேயே வண்டை விட்டுவிடுகிறது. செம்மஞ்சள் நிறமும் கூச்சமில்லாத நடமாட்டமும் அந்தக் கசப்புக்கான விளம்பரம். இதே வகைச் சேர்மங்கள் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளில் நிறைய உண்டு. கோல்டன்ராடும் அந்தக் குடும்பம்தான். வண்டு தின்னும் பூவிலிருந்தே விஷத்தை எடுத்துக்கொள்கிறது என்று நினைப்பது இயல்பு. எருக்கஞ்செடியைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி தன் பாதுகாப்பைச் செடியிடமிருந்துதானே பெறுகிறது? ஆனால் 2012இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் காட்டியது வேறு. அந்த நாட்டுச் சிப்பாய் வண்டு இந்த அமிலத்தைத் தன் சொந்த மரபணுக்களின் துணையால் சாதாரணக் கொழுப்பு அமிலத்திலிருந்து தானே தயாரிக்கிறது. செடிகளும் பூஞ்சைகளும் தனித்தனியே கண்டடைந்த வழியை வண்டும் தனியாகவே கண்டடைந்திருக்கிறது. எத்தனை காலமாக? மியன்மாரின் ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைத்த, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான அம்பரில் சிறு சிப்பாய் வண்டு ஒன்று சிக்கியிருக்கிறது. அதன் உடலோரம் சுரப்பு கசிந்து வெளிவந்த நிலையிலேயே மரப்பிசின் உறைந்துவிட்டது. அருகே, அதைத் தாக்க வந்ததாகக் கருதப்படும் பூச்சியின் உணர்கொம்புத் துண்டு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பாய்னர் குழுவினர் 2007இல் இதை விவரித்தார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இந்தக் குடும்பம் கவசத்தைக் கைவிட்டு வேதியியலைக் கைக்கொண்டுவிட்டது.

இந்தச் செய்தியை வியப்புக்காக மட்டும் இங்கே கொண்டுவரவில்லை. வயலோரத்தில் நாலு பூச்செடி நட்டுவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தானாக வந்து குடியேறும் என்ற யோசனை இப்போது பரவலாக இருக்கிறது. பூ நடுவது நல்ல காரியம். வளர்ந்த சிப்பாய் வண்டுக்கு அது விருந்து. கொத்தமல்லி, சீரகக் குடும்பத்துக் குடைப்பூக்கள் என்றால் ஐரோப்பிய வண்டுகளுக்கு உயிர். ஆனால் வண்டின் வாழ்க்கையில் பூ கொடுப்பது சில வார உணவும் துணையைச் சந்திக்கும் இடமும் மட்டுமே. தற்காப்பைக்கூட அது பூவிடம் கடன் வாங்குவதில்லை. அந்த இடத்தில் வண்டு அடுத்த ஆண்டும் இருக்குமா என்பதை முடிவு செய்வது, பூத்து முடிந்த பிறகு அந்தச் செடிகளின் அடியில் என்ன நடக்கிறது என்பதுதான். செடியை வேரோடு பிடுங்கி, சருகைக் கூட்டிக் கொளுத்தி, வரப்பு வரை உழுதுவிட்டால், போன மாதம் பூவில் கண்ட வண்டுகளின் வாரிசுகள் அதோடு சரி. புல் மூடிய வரப்பும் அள்ளப்படாத சருகும் அவற்றுக்கு வீடு. பூ, ஊர் கூடும் சந்தை. சந்தையை அலங்கரித்துவிட்டு வீட்டை இடிக்கும் திட்டத்தைப் பாதுகாப்பு என்று அழைப்பது சரியில்லை.

மகரந்தச் சேர்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேயும் ஓர் ஆட்சேபம் உண்டு. வண்டு மகரந்தத்தைச் சேர்ப்பதைவிடத் தின்பதே அதிகம்; தேனீயோடு ஒப்பிட்டால் அதன் உடலில் மயிர் குறைவு, பூவிட்டுப் பூ தாவும் வேகமும் குறைவு; எனவே அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பார்கள். ஒரு வருகைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் தேனீ முந்துவது உண்மைதான். ஆனால் ஐந்து கண்டங்களில் நடந்த 39 கள ஆய்வுகளை ரோமினா ரேடரும் பலரும் சேர்ந்து தொகுத்து 2016இல் வெளியிட்டபோது, பயிர்ப் பூக்களுக்கு வரும் வருகைகளில் 25 முதல் 50 சதவீதம் வரை தேனீ அல்லாத பூச்சிகளுடையது என்று தெரிந்தது. ஈ, வண்டு, குளவி, அந்துப்பூச்சி, எறும்பு எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு வருகையும் சற்று மட்டமானாலும், எண்ணிக்கை அதை ஈடுகட்டியது. அதோடு, சுற்றியுள்ள காடு அழிந்த இடங்களில் தேனீக்கள் பின்வாங்கிய அளவுக்கு இவை பின்வாங்கவில்லை. சிப்பாய் வண்டு அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. அதற்குமேல் அதற்குப் பெருமை சேர்க்க வேண்டாம். அதற்குக்கீழே இறக்கவும் வேண்டாம்.

தீங்கே இல்லையா என்றால், உண்டு. ஐரோப்பாவில் கேந்தரிஸ் அப்ஸ்கூரா என்ற இனம் பழமரங்களின் பூவையும் இளந்தளிரையும் கடித்துச் சேதப்படுத்தியதாகப் பழைய பதிவுகள் இருக்கின்றன. அரிதாகச் சில இனங்களின் புழுக்கள் முளைவிடும் தானியத்தைக் கொறித்ததும் உண்டு. இவை விதிவிலக்குகள். மக்கள் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் காலியோக்னாதஸ் லுகுப்ரிஸ் என்ற இனம் சில பருவங்களில் மரக்கிளை தாழ்ந்து வளையும் அளவுக்குத் திரண்டு வரும். பயிரைச் சூறையாட வந்த படை என்று எண்ணி மருந்து தெளிக்க ஓடுகிறார்கள். அவை கூடுவது இணை சேர்வதற்கு. சில நாட்களில் கலைந்துவிடும். அவ்வளவு பெரிய கூட்டம் ஓரிடத்தில் தோன்றியது என்றால், அதன் பொருள், முந்தைய மாதங்களில் அந்த வட்டாரத்து மண் எண்ணற்ற புழுக்களுக்கு உணவளித்திருக்கிறது என்பதே. தமிழ்நாட்டில் உளுந்து, துவரைப் பூக்களைத் தின்று நாசமாக்கும் கொப்புள வண்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பூவில் உட்காரும் சிவப்பு வண்டு எதுவாயினும் பகைதான் என்று தோன்றலாம். கொப்புள வண்டு வேறு குடும்பம். தோலில் கொப்புளம் எழுப்பும் கேந்தரிடின் அதனுடையது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் சிப்பாய் வண்டுக் குடும்பத்தில் அந்த நஞ்சு சுரப்பதில்லை.

தின்பது மட்டுமே ஒரு பூச்சியின் பங்கு என்று நினைப்பதும் குறைப்பார்வை. அது வேறொன்றுக்கு உணவாவதும் அந்தப் பங்கில் சேர்ந்தது. சிலந்தியையும் பறவையையும் விரட்டும் அமிலம் பூஞ்சையிடம் போதவில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1996 இலையுதிர்காலத்தில் டொனால்டு ஸ்டைன்கிராஸ் சேகரித்த கோல்டன்ராட் வண்டுகளில் ஐந்தில் ஒன்று எரினியோப்சிஸ் லாம்பிரிடாரம் என்ற பூஞ்சையால் பீடிக்கப்பட்டிருந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வு விவரிப்பது இது. நோயுற்ற வண்டு சாகுமுன் ஆஸ்டர் பூவைத் தாடையால் இறுகக் கவ்விக்கொள்கிறது. அப்படியே உயிர் விடுகிறது, உடல் பூவிலிருந்து தொங்குகிறது. செத்து 15 முதல் 22 மணி நேரத்துக்குள் பிணத்தின் இறக்கைகள் மேலெழுந்து விரிகின்றன. வீங்கிய வயிற்றின் இடைவெளிகளிலிருந்து பூஞ்சை வெளிவந்து, கீழே வரும் புது வண்டுகளின் மேல் வித்துகளைத் தூவுகிறது. உணவுக்கும் துணைக்கும் எல்லா வண்டும் வந்து சேரும் அதே பூவைப் பூஞ்சையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. கொடூரம் என்று நமக்குப் படலாம். வண்டுகளின் தொகை எல்லை மீறாமல் நிற்பதில் இதற்கும் ஒரு கை உண்டு. இரை பெருகினால் இரைவிழுங்கி பெருகும், அது நெருக்கியடித்தால் நோய் பெருகும். வெளியிலிருந்து வாங்கி வந்து விடத் தேவையில்லாத கட்டுப்பாடு இது. சிப்பாய் வண்டைப் பொறிவண்டு போலப் பொட்டலத்தில் போட்டு விற்பவர் யாருமில்லை என்பது என் பார்வையில் நல்லதே. இருக்கும் இடத்தில் இருக்கவிடுவது ஒன்றே அதைப் பெறும் வழி.

இருக்கவிடுகிறோமா? மார்கரெட் டக்ளஸ், ஜேசன் ரோர், ஜான் டூக்கர் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு சிப்பாய் வண்டைப் பற்றியதல்ல. அதன் பங்காளியான தரைவண்டைப் பற்றியது. ஆயினும் அது காட்டும் உணவுச் சங்கிலியில் எந்த இரைவிழுங்கியையும் வைத்துப் பார்க்கலாம். சோயா விதைகளைத் தயாமெத்தாக்சம் என்ற மருந்தால் நேர்த்தி செய்து விதைத்தார்கள். முளைத்த நாற்றை ஓடில்லா நத்தைகள் தின்றன. நத்தை பூச்சியினமல்ல, மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த நத்தைகளைத் தின்ற தரைவண்டுகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை செயலிழந்தன அல்லது செத்தன. வேட்டையாடுவோர் குறைய, நத்தைகள் பெருகின. முடிவில், பயிரைக் காக்கப் போட்ட மருந்து இருந்த பாத்திகளில் சோயாச் செடிகளின் அடர்த்தி 19 சதவீதமும் விளைச்சல் 5 சதவீதமும் குறைந்தன. ஈரம் மிகுந்த நிலத்தில் சிப்பாய் வண்டின் வெல்வெட் புழுவும் இத்தகைய நத்தைகளைத் தின்கிறது. தயாமெத்தாக்சம், இமிடாகுளோப்ரிட் விதை நேர்த்தி நம் நாட்டுப் பருத்தி விவசாயிகளுக்கும் புதிதல்ல.

2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை மருந்துகளில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தபோது விவாதம் ஏறத்தாழ முழுவதும் தேனீயைச் சுற்றியே நடந்தது. தேனீக்காக எழுந்த குரல் தேவையானது. ஆனால் மண்ணுக்குள் வாழ்பவற்றின் கணக்கு அதில் பின்தங்கிவிட்டது. 2021இல் டாரி கன்ஸ்டோனும் உடனாய்வாளர்களும் கிட்டத்தட்ட 400 ஆய்வுகளைத் தொகுத்து, மண்வாழ் முதுகெலும்பிலிகளுக்குப் பூச்சிக்கொல்லிகளால் நேர்வதை அலசினார்கள். அளக்கப்பட்ட 2,842 அம்சங்களில் 70.5 சதவீதம் பாதிப்பைக் காட்டின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மருந்துக்கு அனுமதி தருவதற்குமுன் நிலவாழ் பூச்சிகளின் பிரதிநிதியாகச் சோதிப்பது ஐரோப்பியத் தேனீயை என்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டுகிறது. செப்டம்பரில் கோல்டன்ராட் பூவில் வண்டும் தேனீயும் அருகருகே உட்கார்ந்திருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு அந்தச் சோதனை ஓரளவு பொருந்தும். அதன்பின் தேனீ கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வண்டின் சந்ததி மருந்து ஊறிய மண்ணில் நுழைந்து, மருந்து ஏறிய நத்தையைத் தின்னத் தொடங்குகிறது. மண்ணில் முட்டை பொரிந்து, மண்ணிலேயே வேட்டையாடி, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும் ஓர் இரைவிழுங்கியின் புழுவை, மருந்து கலந்த மண்ணிலும் மருந்து தின்ற இரையிலும் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கச் சோதித்த பிறகே விதை நேர்த்தி மருந்துகளுக்கு அனுமதி தர வேண்டும். சிப்பாய் வண்டு அதற்குத் தகுந்த தேர்வு. எங்கும் கிடைக்கிறது, வளர்ந்ததும் பூவில் எண்ணிப் பார்க்கலாம்.